பால் பவுசர்க்காரனும் பந்தயத்தின் இரண்டாம் பாகமும்

மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது கேம் கடையின் அந்தப் பழைய கன்ட்ரோலர் கிடைத்தது. பொத்தானின் ஓரத்தில் உன் விரலிலிருந்து ஒட்டிய ரப்பர் பால் நூலாகக் காய்ந்து இன்னும் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். லேசான புளிப்பு வாசம் இருந்தது. அல்லது இருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் சுனில் முதலாளியின் கேம் கடை. மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. பவுசர் என்கிற பால் தொட்டி வண்டியை இழுக்கும் உன் டிராக்டருக்கும் வேலை இல்லை. ஒன்பது மணிக்கே அங்கே இருப்பாய். அங்கே எல்லோரும் ஆடும் கார்ப் பந்தய கேமின் முதல் பாகத்தில் பொத்தானிலிருந்து விரலை எடுக்காதவன்தான் வெல்வான். சுவரில் மோதினாலும் கார் ஓடும்.

முதலாளி கொழும்புக்குப் போய் இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தார். முதல் வளைவிலேயே எல்லோருடைய காரும் சுழன்றது. மூன்றாம் நாள் பழையதையே போடச் சொன்னார்கள். ஊர் நிருபரான நானும் பன்னிரண்டு தடவை ஓட்டினேன், பன்னிரண்டிலும் கடைசி. ‘ஏமாற்றம்’ என்று தலைப்பிட்டு ஞாயிறு பத்திரிகைக்கு விமர்சனம் எழுதி, இரண்டு மணி கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

“அனே மாத்தயா, அது பேப்பர்ல வந்தா ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான்,” என்று கெஞ்சினார் முதலாளி.

நாலு நாள் வெயிலில் வேலைக்குப் போயிருந்த நீ அன்றுதான் மழையோடு வந்தாய். தாளை வாங்கி வாசித்தாய்.

“கார் சரியில்லைனு எழுதியிருக்க. ஓட்டுனது யாரு?”

“நான்தான்.”

“அதானே. சைக்கிளோட ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்தவன்தானே நீ. நான் முதலாவதா வந்தா இதக் கிழிக்கணும். சரியா?”

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. முதல் ஓட்டத்தில் நீயும் கடைசி. “பவுசருக்கே போங்கண்ணே,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“பவுசர்ல பால் அரைவாசி இருக்கப்ப வளைவுல பிரேக் அடிச்சா, பால் வந்து முதுகுல தள்ளும்டா. வளைவுக்கு முன்னாடியே வேகத்த விட்டுறணும். உள்ள போனப்புறம் மெதுவா மிதிக்கணும். இதுவும் அப்படித்தான்.”

இரண்டாவது ஓட்டத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் உன் விரல் எழுந்தது. கார் வழுக்கியது; ஆனால் நீ வழுக்கவிட்ட இடத்தில், நீ விட்ட அளவுக்குத்தான். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. கடைசி வளைவில் மூன்று கார்களைத் தாண்டி முதலாவதாக வந்தாய். முதலாளி உன்னைக் கட்டிப்பிடித்தார். கேலி செய்தவன்தான் முதலில் கன்ட்ரோலருக்குக் கை நீட்டினான்.

தாளைக் கிழித்தேன். பஸ் போய்விட்டிருந்தது.

“எழுது, வேணாங்கல. ஆனா நாளைக்கு எழுது,” என்றாய்.

மறுநாள் எழுதியதில் உன் பெயரைப் போடாமல் ‘பவுசர் சாரதி ஒருவர்’ என்று போட்டேன். “ஒருவர் வந்திருக்காரு, டீ ஊத்துங்க,” என்று ஒரு மாதம் என் வாசலில் நின்று கத்தினாய்.

இப்போது யாரும் செய்தியை பஸ்ஸில் அனுப்புவதில்லை. ஆனாலும் எதையாவது மட்டம் என்று எழுதி முடித்த நாளில், அனுப்பும் முன் வாசலுக்கு வந்து நின்று ஒரு பஸ்ஸைப் போகவிடுகிறேன்.