முந்நூறு கிராம் செயின் கவர்

பால் சுண்டும் வாசனை வந்தாலே இப்போதெல்லாம் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் பால்கோவா கடைப் படியேறும்போதே கால் பின்வாங்கியது. நம் கிருஷ்ணன்கோவில் கல்லூரியிலேயே இப்போது லேப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று என்கூட மூன்று மாணவிகள், போட்டிக்காக அவர்கள் செய்த ரோபோ. லேப் தராசு ரிப்பேர், எடை பார்க்கப் போகிறோம் என்று அவர்களிடம் சொன்னேன். உன் காரியத்துக்குப் பிறகு உங்கப்பா முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. இந்த முறையாவது சொல்லிவிட வேண்டும் என்று உள்ளூர ஓர் எண்ணம்.

படிக்கும்போது போட்டிக்கு நாம் செய்த ரோபோவையும் அங்கேதான் நிறுத்தோம். பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. தராசு பதினாலு தொள்ளாயிரம் காட்டியதும் நீ குதித்தாய். கோவா வைக்கும் தட்டின் எடையைக் கழித்துக் காட்டும்படி உங்கப்பா அதை வைத்திருந்தது, கடையிலேயே வளர்ந்த உனக்கும் உறைக்கவில்லை. போட்டியில் நிறுத்தால் நானூறு கிராம் கூடுதல். குறைக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள்.

அலுமினியத் தகட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டோம். இன்னும் இருநூற்றைம்பது கிராம் போக வேண்டும். அடியில் சங்கிலியை மூடியிருந்த, ராஜபாளையம் பட்டறையில் அடித்து வாங்கிய தகரக் கவர் மட்டும் முந்நூறு கிராம்.

"அதக் கழட்டிருவோம்ட்டி."

"வேண்டாம்ட்டி, எனக்குப் பயமா இருக்கு. தோத்தாத் தோத்துட்டுப் போறோம்."

பல்லியைப் பார்த்தாலே தெருவுக்கே கேட்கக் கத்துகிறவள் நீ. பயந்தாங்கொள்ளி என்று சிரித்தேன். செத்த நேரம் கூடுதலாகக் கேட்டு வருகிறேன் என்று நடுவரிடம் ஓடினாய். நீ வருவதற்குள் கவரைக் கழற்றி என் பைக்குள் போட்டுவிட்டேன்.

வந்தாய். எப்போதும்போல அடியில் கைகொடுத்து ரோபோவைத் தூக்கிப் பிடித்து, "ஓட்டிப் பாரு" என்றாய். சொன்னால் திரும்ப மாட்டச் சொல்வாய். வாயைத் திறக்காமல் ரிமோட்டை அழுத்தினேன்.

சங்கிலியில் சிக்கி உன் ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த உங்கப்பா, "யாருட்டி கவரக் கழட்டுனது?" என்று கத்தினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, "நான்தாம்ப்பா" என்றாய். பிறகு நான் பேச்செடுத்தபோதெல்லாம், "விடுட்டி, சொன்னா விரல் வளரவா போவுது?" என்று வாயை அடைத்தாய். போன வருஷம் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை, போன பிறகும், அந்தப் பொய்க்குள் நான் பத்திரமாக இருந்தேன்.

நேற்று உங்கப்பா ஞாபகமாகத் தராசைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டு நிறுத்தார். முந்நூறு கிராம் கூடுதல். "செயின் கவரக் கழட்டிருவோமா மேடம்?" என்றாள் ஒருத்தி.

கோவா கட்டிக்கொண்டிருந்த உங்கப்பாவின் கை நின்றது. "வேண்டாந்தாயி. எம்மக இப்படித்தான் அதக் கழட்டி, விரலக் குடுத்தா."

நான் கல்லா அருகே போனேன். "அவ கழட்டலப்பா. நான்தான் கழட்டுனேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "கழட்டுனது அப்ப அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்புட்டு ஏசிருக்கேன். கவனங்கெட்டவ, கவனங்கெட்டவன்னு... கடைசிவரைக்கும் ஏசுனேனே தாயி."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. எனக்காக ஒரு நாள் பொய் சொன்னாய் என்று நினைத்திருந்தேன். அதற்கு வீட்டில் தினமும் ஏச்சு வாங்கினாய் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் கவரைத் தொடாமல் ரோபோவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நான் படியிறங்கும்போது உங்கப்பா, "அந்தக் கவரு இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். நாளைக்குக் கொண்டு வரச் சொன்னார். எதற்கென்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அன்று போட்ட அதே பைக்குள்தான் அது கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. இன்னும் விடியவில்லை. விடிந்ததும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்குப் பயமா இருக்குட்டி.