மேட்டில் ஷெட், பள்ளத்தில் நாணல்

பிரியமுள்ள மாமாவுக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

கொஞ்ச நாளாக நம் பள்ளத்துக் காடு, அந்த ஓடையோர நிலம், எனக்குள்ளேயே அசைகிறது மாமா. பனிக்குள் நாணல். வேர்களுக்கிடையே தண்ணீர் அவசரமே இல்லாமல் நடக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறீர்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஏனுங்க மாமா?

விஷயத்தைச் சொல்கிறேன். ஓடையை ஒட்டிய நம் பள்ளத்தில் சரளைக்கல் பரப்பி நாணல் நட்டோம். ஊர்க் கழிவுநீர் அதன் வழியே ஊர்ந்து, தெளிந்து, ஓடைக்குப் போகவேண்டும். காலேஜில் படித்தது இதற்காவது ஆகட்டும் என்று நான் போட்ட திட்டம். முதலில் சின்னதாக ஒரு சோதனைப் படுகை; நன்றாக வந்தால் பள்ளம் முழுக்க.

ஒரே மாதத்தில் நுனியெல்லாம் கருகிவிட்டது.

மேலே சாயப்பட்டறை வைத்திருக்கிற அண்ணனும் தன் பட்டறைத் தண்ணீரை இதிலேயே விட்டிருக்கிறார். "கலரே இல்லீங்களே அம்மிணி, எடுத்துட்டுத்தானுங்க உட்டேன்!" என்கிறார். பொய்யில்லை. நம் ஊரில் சிவப்பாக, நீலமாக ஓடினால்தான் கெட்ட தண்ணீர். கண்ணாடி மாதிரி வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? சாயம் பிடிக்கப் போட்ட உப்பு மட்டும் அப்படியே இருந்தது. "நாணலக் கருவாடாக்கிப் போட்டீங்களே!" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

உங்கள் மகன் சிரிக்கவில்லை. "உட்ரு புள்ள. பனியன் கம்பெனிக்கு ஷெட் கேக்கறாங்க. பள்ளத்த ரொப்பிக் கட்டுனா வாடகை வரும். பாப்பாவுக்கு நாளைக்கு வேணாமா?"

அவர் சொல்வதும் நிஜம்தானே? பனியன்தான் நமக்குச் சோறு. ஆனால் பள்ளத்தை நிரப்பிவிட்டால் மழைத்தண்ணீர் எங்கே போய் நிற்கும்? ஓடை இப்படியே அழுக்காக ஓடினால் பாப்பா பெரியவளாகும்போது நம் கிணற்றில் என்ன ஊறும்? நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

இன்று சாயங்காலம் அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். "மேட்ட நீங்க எடுத்துக்கங்க, ஷெட் கட்டுங்க. பள்ளத்த எனக்கு உட்ருங்க. ஊர்த் தண்ணி, ஷெட்டு கக்கூஸ் தண்ணி, கேண்டீன் தண்ணி எல்லாம் எங்கிட்ட வரட்டும். பட்டறைத் தண்ணி மட்டும் ஒரு சொட்டு வேண்டாம். அது தனிக் குழாய்ல, சாயத் தண்ணிக்குன்னே இருக்கற சுத்திகரிப்பு ஆலைக்குப் போகட்டும்."

கருகின நாணல் ஒன்றைப் பிடுங்கி முறித்துப் பார்த்தார்.

"ஷெட் சின்னதாயிருமே."

"ஆமாங்க."

"கொசு?"

"தண்ணி கல்லுக்கு அடியிலதாங்க போகும்."

"செரி, நட்டுத் தொலை" என்றார். அப்போதுதான் சிரித்தார், உங்களை மாதிரியே, பாதி உதட்டில்.

ஓடையில் இறங்காதே என்று பாப்பாவைத் தினமும் அதட்டுகிறேன் மாமா. போய் இறங்கு சாமி என்று நானே சொல்கிற நாளைக் கொண்டுவருவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் வீட்டுக்கு வாழவந்த மருமகள்,
நித்யா