கேக்கின் தலையில் வைக்கிற செர்ரி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் இங்கே நலமாக இருப்பது நான் ஒருத்திதான். போனில் சொல்லாமல் என்ன கடிதம் என்று கேட்பாய். வீட்டில் இருப்பதே ஒரு போன், அதுவும் உன் அப்பாவுடையது, நான் எதைப் பேசினாலும் அவர் காதில் விழும், எதை எழுதி அனுப்பினாலும் அவர்தான் முதலில் படிப்பார். பக்கத்து வீட்டு நர்ஸ் லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் குளிக்கப் போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவருக்குக் கால் கட்டைவிரலில் வருகிற கௌட் என்கிற மூட்டு வலி உனக்குத் தெரிந்ததுதான். செர்ரி சாப்பிட்டா அந்த வலி அடிக்கடி வராம இருக்குமாம்ப்பா, எங்க லேப்ல பேசிக்கிட்டாங்க என்று போன் பண்ணிச் சொன்னாயே, அன்றைக்கே தினமும் போடுகிற மாத்திரையை நிறுத்திவிட்டார் மகராசன். நீ நிறுத்தச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவ வேலை பார்க்கிறது பெயிண்ட் லேப்புங்க என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிவிட்டேன், அவருக்கு லேப் என்றால் லேப்தான். சரி, செர்ரியையாவது ஒழுங்காகச் சாப்பிட்டாரா? அவர் வேலை பார்க்கிற பேக்கரியில் கேக்கின் தலையில் சிவப்பாக வைப்பார்களே, டின்னில் பாகில் ஊறிக் கிடக்குமே, அதை! கேக் மாஸ்டருக்குச் செர்ரி என்றால் வேறென்ன தெரியும். கிரீம் தடவும்போது ஒன்று, ஓவனை மூடிவிட்டு ஒன்று என்று வாயில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நாக்கு சிவந்திருப்பதைப் பார்த்து நான் என்னென்னவோ நினைத்துப் பயந்தேன்.

போன வாரம் ஓவனிலிருந்து பன் தட்டை இழுத்துத் திரும்பும்போது கட்டைவிரலில் சுரீரென்று வலி ஏறி, கால் மடங்கி, சுடுகிற தட்டோடு விழுந்துவிட்டார். முன்கையில் தோல் உரிந்துவிட்டது. பயப்படாதே, புண் ஆறி வருகிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கத்து கத்தென்று கத்தினார். நல்ல செர்ரி சாப்பிட்டா சிலருக்கு வலி வர்றது குறையலாம்தான், ஆனா மாத்திரைக்குப் பதிலா அது கிடையாது, நீங்க தின்னது பழமே இல்லை, வெறும் சர்க்கரை, அது யூரிக் ஆசிடை இன்னும் ஏத்தும், இப்படியே விட்டா கிட்னியும் போயிடும் என்றார். முதலாளி நல்ல மனுஷன், கால் சரியாகட்டும் மாஸ்டர் என்று சொல்லிவிட்டு அவர் மேசையில் வேறொருவரை நிறுத்தியிருக்கிறார். அந்த ஆளின் கை அங்கே பழகிவிட்டால் உன் அப்பாவுக்கு அந்த மேசை திரும்பக் கிடைக்குமா என்று உனக்கே தெரியும். போர்வை நுனி பட்டாலும் இவருக்கு விரல் துடிக்கிறது, காற்றுப் படுமென்று ஃபேனைக்கூடப் போடவிடுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மாத்திரை உள்ளே போனதா? இல்லையே! தப்பு நான் தின்ன செர்ரிலதான், பொண்ணு சொன்னதுல இல்லை என்று பழக்கடையிலிருந்து நிஜமான செர்ரியை வரவழைத்துச் சாப்பிடுகிறார், மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே கிடக்கிறது. அழுதேன், திட்டினேன், பொடித்துப் பாலில் கலந்துகூடக் கொடுத்தேன், கண்டுபிடித்துத் துப்பிவிட்டார். பிடிவாதத்தை இவரிடம்தான் கடன் வாங்க வேண்டும். அவகிட்டயே சொல்றேன் பாருங்க என்று நேற்று மிரட்டியபோதுதான் மனுஷனுக்கு முகம் மாறியது. சொல்லிடாதே, நம்மால இப்படி ஆச்சேன்னு அப்புறம் எதுவுமே சொல்ல மாட்டா, ஊரை விட்டுப் போனதிலேருந்து எனக்குன்னு அவளா போன் பண்ணிச் சொன்னது இந்த ஒண்ணுதான் என்றார். அவர் மேல் இருந்த கோபம் உன் மேலும் கொஞ்சம் வந்தது, மறைக்கவில்லை.

அதனால் இதைப் படித்ததும் போன் பண்ணு. எப்போதும் போல எடுத்தவுடன் அம்மாகிட்ட குடுங்கப்பா என்று கேட்காதே. அவரோடு பேசு. விழுந்தது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. செர்ரியோட மாத்திரையும் போடணும்ப்பா என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் அது வெறும் சத்தம். பிறகு ஓவன், கிரீம், அவருடைய வேலை என்று எதையாவது கேள். நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, அவர் எழுந்து நொண்டி வந்து போனை எடுக்க நேரமாகும், நான் எடுக்க மாட்டேன். அதுவரை மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா