தகரத்துக்குப் பதில் வேப்பங்குழை

மதினி,

எதிர்வீட்டுப் பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்ததும் பச்சை வேப்பிலை வாசம் முகத்தில் அடித்தது. அவர்கள் வாசல் நிலையில் வேப்பங்குழை செருகியிருந்தார்கள். உடனே உங்கள் நினைப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

கொரோனா வந்த முதல் வருஷம் இதே வீட்டு வாசலை மறித்துத்தான் பஞ்சாயத்து ஆட்கள் தகரம் அடிக்க வந்தார்கள். சென்னையிலிருந்து திரும்பிய மகனுக்குத் தொற்று. அந்த வீட்டு அண்ணாச்சி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதார். தெரு தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்தது. என் அண்ணனைக் கட்டி இந்தத் தெருவுக்கு வந்த நீங்கள்தான் ஊருக்கு நர்ஸ். அண்ணன் தடுத்தும் கேட்காமல் போய்த் தகரத்துக்கு முன்னால் நின்றீர்கள்.

“யாரும் உள்ள போகக்கூடாது, வெளிய வரக்கூடாது. அம்புட்டுதானே? அதுக்கு நான் பொறுப்பு. தகரத்தை வண்டியில ஏத்துங்க.”

நம் வீட்டு மரத்தில் குழை ஒடித்து அவர்கள் வாசலில் கட்டினீர்கள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினீர்கள். “அம்மை போட்ட வீட்டுக்குள்ள போவியளா? மாட்டிய. அதுக்காவ அந்த வீட்டைக் கேவலமா பாப்பியளா? இதையும் அப்படி நெனைங்க.”

அன்று சாயங்காலமே அந்தப் படியில் இளநீரும் மோரும் வந்து சேர்ந்தன. அடுத்து நோய் கண்ட வீட்டுக்காரர்கள் ஒளிக்கவில்லை, தாங்களே குழை கட்டிக்கொண்டார்கள். போலீஸ் வந்து நிற்காமலே நம் தெரு கட்டுப்பாட்டைக் காத்தது.

அதே குழை உங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று யார் கண்டார்கள்? மறுவருஷம் தடுப்பூசி வந்தபோது ஒருத்தரும் போட்டுக்கொள்ள வரவில்லை. “நீங்கதான அம்மைன்னு சொன்னிய? அம்மைக்கு யாராவது ஊசி போடுவாவளா நர்ஸம்மா? அம்மனுக்குக் கோவம் வந்துராதா?” என்று கேட்டார்கள். நீங்கள் தலையில் கை வைத்துச் சிரித்தீர்கள். “நான் அடிச்ச ஆப்பு ஏட்டி, நானே பிடுங்குதேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். வயசானவர்களின் மேல்கையைத் தொட்டுக் காட்டி, “இந்தத் தழும்பு என்னது? சின்னதுல அம்மை குத்துனதுதானே? அப்ப அம்மன் கோவிச்சாளா?” என்று கேட்டீர்கள். சிலருக்கு மனசு இளகியது. பள்ளிக்கூடத்தில் முகாம் என்று நாள் குறித்தாயிற்று.

அதற்குள் போய்விட்டீர்கள். சின்ன வயசிலேயே கெட்டுப்போன இதய வால்வு. ஆபரேஷன் செய்யச் சொல்லி டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நீங்கள்தான் ஊரில் கொரோனா அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டீர்கள். அது ஊருக்கே தெரியும். தெரிந்தவர்களே சாவுக்குத் துட்டி கேட்க வந்த இடத்தில், நம் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, “மொதல்ல ஊசி போட்டுக்கிட்டது அவதான, அதான் போயிட்டா” என்று பேசினார்கள்.

துட்டி வீட்டுப் பெண் பதினாறாம் நாள் காரியம் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது. முகாம் நாளன்று நான் தாண்டினேன். “ஏட்டி, ஊர் என்ன சொல்லும்?” என்றான் அண்ணன். ஊர்தான் சொல்லி முடித்துவிட்டதே! பள்ளிக்கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தள்ளி நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

“எங்க மதினியை ஊசி கொன்னுட்டுன்னு சொன்னவங்க கிட்ட வந்து பாருங்க. நான் போட்டுக்கிடுதேன். செத்தா எனக்கும் சேத்து பதினாறு வச்சிருங்க!”

ஊசி போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. வந்து சட்டைக் கையை மடக்கினார். அவருக்குப் பின்னால் பைய ஒரு வரிசை சேர்ந்தது. எல்லோரும் வரவில்லை. வராதவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும்.

அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. போன வாரம் களக்காட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள், “உங்க ஊர் நர்ஸை ஊசிதான கொன்னுச்சு?” என்று ஆரம்பித்தாள். நம் ஊர் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. நாங்குநேரி வரை கூடவே போனேன். வால்வு கெட்டுத்தான் நீங்கள் இறந்தீர்கள் என்று அவளே தன் வாயால் சொன்ன பிறகுதான் ஊருக்குத் திரும்ப அடுத்த பஸ் பிடித்தேன்.

நான் இருக்கிற மட்டும், மதினி, உங்கள் சாவைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டு ஒருத்தரும் பாதியில் இறங்கிப் போக முடியாது.