பருத்தி வயலில் ஒரு நிழல்

1955 அக்டோபர் 9
பருத்தி எடுத்து முடிந்தது. ஒரு ஃபெத்தான் நிலத்துக்கு மூன்று கின்தார் எடை. பண்ணையார் பாஷாவிடம் குத்தகைக்கு உழுதபோதும் இதே மூன்றுதான். அரசாங்கம் எங்கள் பெயருக்குப் பட்டா கொடுத்து ஒரு வருஷம் ஆயிற்று. பிறகும் ஏன் கூடவில்லை?

அக்டோபர் 21
முலாம்பழத் தோட்டக்கார ஜைன்ஹும் வழக்கம்போல் உரத்துக்குப் புறா எச்சம் கேட்டு வந்தார். நம் வயலுக்கே போடலாமே என்று வீட்டுக்காரர் ஷஹாத்தாவிடம் சொன்னேன்.

"போட்டுட்டு? நாளைக்கு பாஷா திரும்பி வந்தா அவருக்கா விளையணும்?"

இவர் அப்பா சீர்படுத்திய வயலை மறு வருஷமே பாஷாவின் ஆட்கள் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பயம். ஷஹாத்தாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

1956 பிப்ரவரி 3
புறாக்கூடு என் பொறுப்பு. இந்த வருஷம் எச்சம் இல்லை என்று ஜைன்ஹுமிடம் சொல்லிவிட்டேன்.

"புறாவெல்லாம் நோன்பா, அக்கா?" சிரித்துக்கொண்டே போனார்.

பிப்ரவரி 11
விடியல் தொழுகை முடித்துத் தனியாகவே சுமந்துபோய், வாய்க்கால் ஓரத் துண்டில் கொட்டினேன். அவருக்குச் சொல்லவில்லை. யா அல்லாஹ், இது பாவமா? எனக்குத் தெரியலையே—

பிப்ரவரி 12
சொல்லிவிட்டேன். அவர் மாட்டுக்குத் தீனி வைத்தார். பிறகு, "அம்புட்டையும் தலையிலயா சுமந்த?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 20
எச்சம் போட்ட துண்டில் செடி இடுப்புக்கு நிற்கிறது. பக்கத்தில் முழங்கால்தான். மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோனேன். ஒதுங்க நிழல் இல்லை. நிழல் பருத்திக்கு ஆகாது என்று பாஷாவின் ஆட்கள் ஒரு மரத்தையும் விட்டுவைத்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செடியையே பார்த்திருந்தார்.

ஜூலை 2
உப்புநீர் வடிய ஓடை தோண்டுகிறார்.

செப்டம்பர் 17
எச்சம் போட்ட துண்டின் கணக்குப்படி ஃபெத்தானுக்கு ஐந்து கின்தார் விழும். அல்ஹம்துலில்லாஹ்.

"இனிமே எச்சத்த யாருக்கும் குடுத்துராத, புள்ள."

செப்டம்பர் 24
வீட்டுக்குப் பின்னால் இருந்த பேரீச்சங்கன்றைப் பெயர்த்துப்போய், நான் சாப்பாடு வைக்கும் வரப்பில் நட்டிருக்கிறார்.

"காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே?"

"ஆகட்டும். எங்க போகப்போறோம்?"

"நிழல்ல பருத்தி வராதே?"

"ரெண்டு செடி போனா போவுது. நீ உக்காரணும்ல."

அந்த இரண்டு செடியை நான் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.