கூர்ச்சோண்டி என்று சொன்ன வாய்

கீழ்ப்பூண்டி, நகரி வழி
22-8-1958

சிரஞ்சீவி அலர்மேல்மங்கைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நைனாவும் தங்கச்சி ருக்மணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நாக்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி டூட்டி முடிந்த கையோடு தூங்கி, கால் வீங்காமல் இருக்கவேண்டும் என்று மலையப்பனைக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். வாழைமரம் குலை தள்ளியிருக்கிறது, ருக்மணிக்கு முன்பல் விழுந்து பேசினால் காற்றுதான் வருகிறது. நல்ல சேதி இவ்வளவுதான், இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி.

ஆனி மாசம் நம் ஊர்க் கர்ணம் நாகபூஷணம் கட்டுச் சீட்டோடு தெருவுக்கு வந்தார். வந்தார் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது, வந்தான். எல்லையோர ஊர்களில் வீட்டுக்கு ஒரு அடையாளச் சீட்டாம், பெயர், வயது, தொழில், தாய்மொழி எல்லாம் எழுதிக் கைநாட்டு வாங்கவேண்டுமாம். சர்க்கார் ஆள் படி ஏறினால் நம் பக்கத்தில் தமிழாளும் தெலுங்கில்தானே உபசாரம் சொல்வோம், அது மரியாதை. நானும் ரண்டி, கூர்ச்சோண்டி என்று வரவேற்று உட்காரச் சொல்லிப் பாய் போட்டு, பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பெரிய பொண்ணு எங்கேம்மா, சார் கூட்டத்துக்கெல்லாம் போய்க்கினு இருக்காராமே என்று சொந்தக்காரன் மாதிரி விசாரித்தான். நானும் வாய் ஓயாமல் சொன்னேன். நீ நர்ஸுக்குப் படிப்பது, மாசம் இரண்டு கடிதம் போடுவது, நம் ஊர் மதராஸோடு சேரவேண்டும் என்று நைனா மனுவில் கையெழுத்துப் போட்டது, ஒன்று விடவில்லை. வேலூரில் காலேஜ் படித்தவள் என்ற கர்வம் வேறு எனக்கு.

போன மாசம் வீட்டுக்கு வந்த சீட்டில் வயதை மட்டும் பார்த்துவிட்டு, ருக்மணிக்குத் தப்பாக இருக்கிறதென்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் பதிவுப் புஸ்தகத்தில் நம் வீட்டுப் பக்கம் திறந்தபடி கிடந்தது. தெலுங்கு எழுத்துதான், தலைகீழாகவே படித்துவிட்டேன். தாய்மொழி தெலுங்கு என்று போட்டிருக்கிறான் அலமேலு. நான் சொன்ன ஒரு கூர்ச்சோண்டிக்கு நம் வீட்டு மொழியையே மாற்றிவிட்டான். அதன் கீழே நைனா பெயரைப் போட்டுக் குறிப்பு, வரதராஜன் எல்லைக் கிளர்ச்சிக்காரன், மூத்த மகள் வெளி மாகாணத்தில், மாதம் இரண்டு கடிதம், கவனிக்கத் தக்கது. கவனிக்கத் தக்கதாம்! என் மோரைக் குடித்த வாயால் கேட்டு என் பெண்ணை எழுதியிருக்கிறான். குமாஸ்தா திரும்பியதும் நகல் கேட்டேன். நம்மைப் பற்றிய காகிதம், நாம் கேட்டால் ரகசியமாம். நாளைக்கு உனக்கு சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைக்கு நன்னடத்தை விசாரணை வந்தால் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பதில் போகும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நைனா வழக்கம்போல, விடு வெங்கட்டு, சர்க்காரோடு மல்லுக்கட்ட முடியுமா என்றார். சர்க்காரோடு யார் கட்டினார்கள், நான் நாகபூஷணத்தோடு கட்டுகிறேன் என்றேன். தெருவில் நாற்பத்திரண்டு வீடும் ஏறி இறங்கினேன். அத்தனை வீட்டிலும் யாராவது ரண்டி என்று சொல்லியிருக்கிறார்கள், அத்தனை வீட்டுச் சீட்டையும் வாங்கிப் படித்தேன், அத்தனையும் தெலுங்காகிவிட்டது. பக்கத்து வீட்டு செங்கம்மா அக்கா, ஏண்டி, அவன் தலையில அரிவாளைப் போட்டாகூட ஐயோன்றதைத் தமிழா தெலுங்கான்னு கேட்டுத்தான் எழுதுவான் என்றாள், சிரித்துத் தொலைத்தோம். எல்லார் கைநாட்டும் வாங்கி, பொய் எழுதிய கர்ணத்தை வேலையிலிருந்து எடுக்கவேண்டும், அவன் மகனுக்கும் அந்த வேலை வாரிசாகப் போய்ச் சேரக்கூடாது என்று நானே இங்கிலீஷில் எழுதி, சித்தூருக்கு பஸ் ஏறிப் போய் கலெக்டர் கச்சேரியில் கொடுத்து ரசீது வாங்கிவந்தேன். விசாரணைக்கு நாள் போட்டுவிட்டார்கள், அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி.

இப்போது முக்கியமானது. முந்தாநாள் அவனே வந்தான். இந்தத் தடவை நான் உட்காரச் சொல்லவில்லை, எந்த மொழியிலும் சொல்லவில்லை. நின்றபடியே, அம்மா, உங்க பொண்ணு பேரை மட்டும் அடிச்சிட்டுப் புதுப் பக்கம் எழுதிடறேன், மனுவை வாபஸ் வாங்கிக்குங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு என்றான். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா, பாவம் என்று கூடத் தோன்றவில்லை. மற்ற நாற்பத்தொரு வீடு என்னாவது என்று கேட்டேன். வெளியே போ என்று சொல்லிவிட்டேன். அவன் தெரு திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் வேலையைப் பந்தயம் வைத்துவிட்டேன். நைனா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீயும் கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் வாபஸ் வாங்கு என்று மட்டும் எழுதாதே, எழுதினாலும் வாங்கமாட்டேன்.

மலையப்பன் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், நீ தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும். ஒன்றை மறக்காதே. விசாரணைக் காகிதம் உனக்கு விரோதமாக வந்தால் மேட்ரன் முன்னால் அழாதே, நகல் கேள். தரமாட்டோம் என்றால் எழுத்தில் கேள். நகல் கையில் வந்த அன்றே எனக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. அவன் எழுதியதை அவனையே கலெக்டர் முன்னால் உரக்கப் படிக்க வைக்கிறேன்.

இப்படிக்கு
ஆசீர்வாதத்துடன் உன் அம்மா
வ. வெங்கடலட்சுமி
(தமிழில் கையெழுத்து)