மீதி ஐந்து தட்டுகள்

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேச, நான் 'ம்' கொட்ட, சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் துடைப்பத்தைக் குப்பையில் போட்டேன். இங்கே வந்த வாரம் வாங்கியது. கொஞ்ச நாளாகவே பெருக்குவதைவிட அதிகமாகக் குப்பை போட ஆரம்பித்திருந்தது. போட்ட பிறகு ஒரு யோசனை வந்தது. ஒப்பந்தம் முடிய இரண்டே மாதம் இருக்கும்போது புதுத் துடைப்பம் எதற்கு? இங்கே எதை வாங்கப் போனாலும் எனக்கு இதே கேள்விதான். பெட்டிக்குள் போகுமா, போகாவிட்டால் விட்டுவிட்டு வர மனசு வருமா என்று கேட்டுக் கேட்டே வாங்கினேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை.

இன்னும் மூன்று வருடம் இருக்க முடியுமா என்று பரிசோதனைக்கூட மேலாளர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பகுதிக் குழாய்த் தண்ணீர் நல்லதென்று தினமும் கையெழுத்துப் போடுவது நான்தான், அண்ணி. இதை உங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் வேறு யாரிடம் சொல்வது? படிப்பை முடித்துப் பதினெட்டு வருடம் சும்மா கிடந்த சான்றிதழைத் தேடி எடுத்து, விண்ணப்பத்தை நிரப்பி, கையில் பேனாவைத் திணித்தது நீங்கள்தானே. அப்படியிருந்தும் போன வாரம் நீங்கள், "உன் ரூமுக்கு இளநீலம் அடிச்சாச்சு, வந்து பாரு" என்றபோது, மேலாளர் கேட்டதை என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, சந்தைக்கு வருகிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஞாயிறுதோறும் கூடும். அங்கே ஒரு தட்டுக்கார அம்மா உண்டு, என் வயதுதான் இருக்கும். நீலக் கரை போட்ட எனாமல் தட்டுகளை ஆறு ஆறாகக் கயிற்றில் கட்டி விற்பார். அந்தச் சந்தையில் யாரும் கட்டைப் பிரித்துக் கேட்பதில்லை. எனக்கு அது தெரியாது. வந்த புதிதில், இந்த ஊர்ப் பேச்சும் வராமல், ஒரு விரலைக் காட்டிக்கொண்டு அவர் கட்டைப் பிரிக்கும்வரை அசையாமல் நின்று, ஒன்று மட்டும் வாங்கிவந்தேன். ஏதோ சாமர்த்தியம் செய்ததாக நினைப்பு வேறு.

இன்று, கடைசியில் வாங்கியேவிட்ட புதுத் துடைப்பமும் கையுமாக அந்தப் பக்கம் போனேன். பழைய துணியில் சுற்றிய ஒரு மூட்டையைப் பலகைக்கு அடியிலிருந்து இழுத்து என் முன்னால் வைத்தார். நான் விட்டுப்போன மீதி ஐந்து தட்டுகள். ஐந்தாக யாரும் வாங்க மாட்டார்களாம். நான் எப்படியும் வருவேன் என்று இத்தனை நாள் கட்டி வைத்திருக்கிறார். வீட்டில் இன்னும் யாரும் வந்து சேரவில்லையா என்று கேட்டார். வருவதற்கு யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ இருக்கியேம்மா. ஒத்தத் தட்டு வச்சு சாப்பிட அது என்ன வீடா, ரயிலா?"

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு ஒரே பையோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் முகம் கழுவி வருவதற்குள் உங்கள் தையல் மெஷினைத் தனியாளாக நடைக்குத் தள்ளிவிட்டு, அந்த அறையில் எனக்குப் பாய் விரித்தீர்கள். அன்றிலிருந்து ஆறு வருடம், ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. ஆனாலும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும்போது சத்தம் வராமல்தான் வைப்பேன். அது உங்கள் குறையில்லை, அண்ணி, என் சுபாவம். இன்று ஆறு தட்டையும் அலமாரியில் அடுக்கும்போது நன்றாகச் சத்தம் வந்தது. நானே அடுக்கினேன், நானே கேட்டேன்.

நீங்கள் நால்வர், என்னோடு ஐந்து. ஆறாவது அந்தத் தட்டுக்கார அம்மாவுக்கு. பிள்ளைகளின் விடுமுறையில் கட்டாயம் வாருங்கள். தலையணைகளும் வாங்கி வைக்கிறேன்.

நடையில் வெளிச்சம் போதாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று சொன்னீர்களே. இந்த வாரமே மெஷினை அந்த அறையில் ஜன்னலோரமாகப் போட்டுவிடுங்கள். அண்ணனைத் தூக்கச் சொல்லுங்கள், நீங்கள் தள்ள வேண்டாம். இளநீலச் சுவருக்கு நல்ல வெளிச்சம் இருக்கும். என்னிடம் ஒரு நாளும் ஏன் என்று கேட்காத நீங்கள், இதற்கும் கேட்காமல் செய்யுங்கள். மேலாளரிடம் வெள்ளிக்கிழமைதான் சொல்லப்போகிறேன். அதுவரை நமக்குள் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
நாத்தனார்